கொழுந்துத் தராசில் தொங்கிய உடம்பு

"…உடம்பையே பாத்தீங்க எல்லாரும். முள்ள ஒருத்தரும் பாக்கலீங்களே மாஸ்டர்!"

என் காதோரம் வந்து இதைச் சொன்னவள் ராசம்மா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். எங்கள் தோட்டத்துக் குத்துச்சண்டைக்காரன் முத்தையாவின் மனைவி. சொன்ன இடம், மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அந்த நேரத்தில் கொட்டகைக்குள் இருந்த அத்தனை பேரும் அவள் புருஷனுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

குத்துச்சண்டை வளையத்தின் மூலையில் நிற்கப் புதிதாக வருகிற நீங்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "மாஸ்டர், நீங்க பாத்ததிலேயே நல்ல உடம்பு யாருக்கு?" பயிற்சி எப்படி, பஞ்சு எங்கே வைப்பது, துண்டை எப்போது எறிவது என்று கேட்க மாட்டீர்கள். உடம்பு யாருக்கு என்று கேட்பீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் புண் கழுவிக் கட்டுகிற வேலை எனக்கு. குத்துச்சண்டையை, அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படித்தது பாதி, படம் பார்த்தது பாதி. படம் பார்த்துக் கற்றவனுக்கு உடம்பு மேல் ஆசை வராமல் இருக்குமா?

அதனால் அந்தக் கேள்விக்கு என் கணக்கில் மூன்று உடம்புகளைச் சொல்கிறேன். மூன்றாவதில்தான் ராசம்மா வருவாள்.

முதலாவது, பட்டிப்பொலப் பக்கம் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர். நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில் சண்டை. சட்டையைக் கழற்றினார். கோடு இல்லை, மேடு இல்லை, பள்ளம் இல்லை. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே அகலம். நான், அவரோடு மோதப் போகிற எங்கள் ஆளின் காதில், "பயப்படாதே, இது பாயில் சுருட்டின படுக்கை" என்றேன். என் வாய் அப்படி. மணி அடித்தது. கரி அள்ளுகிறவர் கையால் குத்தவில்லை, குதிகாலிலிருந்து குத்தினார். கரியை இழுத்து, இடுப்பைத் திருப்பி, அடுப்புக்குள் எறிகிற அதே திருப்பம். எங்கள் ஆள் கண் திறந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டது, "படுக்கை எங்க மாஸ்டர், நான்ல படுத்திருக்கேன்?" அன்றிலிருந்து எதிராளி சட்டை கழற்றும்போது நான் மார்பைப் பார்ப்பதில்லை. அவன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டும்போது இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பேன். நீங்களும் அதைப் பாருங்கள்.

இரண்டாவது, லிந்துலைக் கடைவீதியில் பேக்கரியில் மாப் பிசைந்த ரஹீம் நானா. அவருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள பகுதி இருக்கிறதே, அதை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். அவ்வளவு அழகு. அவரிடமே சொன்னேன். சிரித்தார். "மாவு திருப்பி அடிக்காது மாஸ்டர். அதுதான் கெட்ட பழக்கமாப் போச்சு" என்றார். உண்மை. நாள் முழுதும் தொட்டிக்கு முன்னால் ஓரிடத்தில் நின்று பிசைகிறவர், வளையத்துக்குள்ளும் ஓரிடத்திலேயே நிற்பார். கை பேசும், கால் கேட்காது. ஆனால் பொறுமைக்கு அவர் மாதிரி இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவரை மறந்துவிடாதீர்கள், இந்தக் கதையில் எதிராளி அவர்தான்.

மூன்றாவது முத்தையா. அவன் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கத்தியால் சீவித் தள்ளுகிற வேலை. வலது கை மட்டும் ஆயிரக்கணக்கான முறை சாய்வாக இறங்கி ஏறும். அதனால் அவன் வலது தோள் உயர்ந்து, இடது தோள் இறங்கி, நிற்கும்போது சுவரில் சாத்தி வைத்த குடை மாதிரி இருப்பான். அந்தக் கோணல் உடம்போடுதான் ஆறு வருடம் தோட்டத்துக்குத் தோட்டம் போய் ஜெயித்தான். அவன் வலது குத்து நேராக வராது. பக்கவாட்டில் சாய்ந்து இறங்கும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத குத்து.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைத் திருத்தினேன்.

எனக்கு அந்தக் கோணல் பிடிக்கவில்லை. என் புத்தகத்துப் படங்களில் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், ஒதுக்கிப் போட்டிருந்த தள்ளுவண்டி அச்சொன்றை வாங்கிவந்தேன். காலையும் மாலையும் அதைத் தூக்க வைத்தேன். முட்டை, பால், கொண்டைக்கடலை. ஆறு மாதத்தில் முத்தையா காலண்டர் படம் மாதிரி ஆகிவிட்டான். தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்கப் போனால் லயத்து வீடுகளின் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையே ஒரு நாள் குதிரையை நிறுத்திப் பார்த்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ராசம்மா மட்டும் ஒரு நாள் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றாள். "மாஸ்டர், இவரு சட்டை ஒன்னும் தோளுல ஏற மாட்டேங்குது. நீங்களே தச்சுக் குடுத்துருங்க."

"உடம்பைப் பாத்தியா புள்ள, எப்படி இருக்கு!" என்றேன்.

"இருக்குங்க. மேட்டுல ஏறுறப்ப மூச்சுத்தான் எங்கயோ இருக்கு."

சிரித்து அனுப்பிவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மலைநாட்டிலிருந்து கொழும்புப் போட்டிக்கு, ஒவ்வோர் எடைப் பிரிவுக்கும் ஒருவரைத் தெரிவு செய்யும் சண்டைகள் எங்கள் தோட்டத்து மைதானத்தில். நூற்று நாற்பத்தேழு ராத்தலைத் தாண்டக் கூடாத பிரிவில் முத்தையாவும் ரஹீம் நானாவும். ஜெயிக்கிறவர் கொழும்புக்கு. முத்தையாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அடுத்த வருடத்திலிருந்து இளையவர்களை மட்டும்தான் எடுப்போம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். ஆகவே இது அவனுக்குக் கடைசி வாய்ப்பு. "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கொழும்பு வெளிச்சத்துக்குக் கீழ ஏறி நின்னுட்டேன்னா போதும் மாஸ்டர்" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஸ்டோரில் பெட்டி நிறுக்கிற மேடைத் தராசு பழுது. வேறு வழியில்லாமல் கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசை எடுத்தார்கள். பெரிய வட்ட முகம், நடுவில் முள், கீழே கொக்கி. கொக்கியில் ஓர் இரும்புக் கம்பியை மாட்டி, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்கள். ஆள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டும். எண்ணை வாசிக்கிற வேலை, வழக்கம் போலக் கணக்கப்பிள்ளைக்கு. பெயர் எழுதுகிறவர் கண்டியிலிருந்து வந்த சிங்கள வாத்தியார் ஒருவர், தெரிவுக்குழுவின் அதிகாரி.

நானா முதலில் தொங்கினார். நூற்று நாற்பத்தைந்து என்றார் கணக்கப்பிள்ளை. எழுதிக்கொண்டார்கள்.

பிறகு முத்தையா. சட்டையைக் கழற்றி, கையை உயர்த்தி, கம்பியைப் பிடித்து, காலைத் தூக்கினான். என்ன சொல்ல! தொங்குகிற ஆளின் முதுகு விரியும். அவன் முதுகு கதவு திறந்த மாதிரி விரிந்தது. விலாவில் ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாக எழுந்தது. "யம்மாடியோவ்!" என்று யாரோ ஒரு பெண் பிள்ளை கத்தியே விட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் படைத்த உடம்பு அது என்று எனக்கு மார்பு நிமிர்ந்தது. கணக்கப்பிள்ளையும் முத்தையாவின் முதுகைப் பார்த்தபடியே, "நூத்தி நாப்பத்தேழு!" என்று கூவினார். வாத்தியார் எழுதினார். முத்தையா இறங்கினான்.

அப்போதுதான் ராசம்மா என் காதோரம் வந்தாள்.

"என்ன புள்ள சொல்ற?" என்றேன்.

"முள்ளு நூத்தி நாப்பத்தொம்பதுல நின்னுச்சுங்க. கணக்கப்பிள்ளை ஐயா ரெண்டு ராத்தல் கழிச்சுட்டுச் சொல்லிட்டாரு. எங்களுக்கு தினம் கழிக்கிற மாதிரி."

உங்களில் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்கிறேன். பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, இலையில் ஈரம் இருக்கும் என்று சொல்லி இரண்டு ராத்தலைக் கழித்துத்தான் எண்ணைக் கூவுவார்கள். மழை நாளிலும் கழிப்பார்கள், வெயில் நாளிலும் கழிப்பார்கள். இருபது வருடம் அதே தராசுக்கு முன்னால் நின்று, அதே கழிவோடு எண்ணைக் கூவிய வாய் அது. கண் முதுகில் இருந்தபோது வாய் தன் பழக்கத்தில் போய்விட்டது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. கழித்தது அவருக்கே தெரியாது.

அப்படியானால் நானாவுக்கும் இரண்டு ராத்தல் கழிந்திருக்கிறது. அவர் நிஜத்தில் சரியாக நாற்பத்தேழு. எல்லைக்குள் இருக்கிறார். எல்லை தாண்டியவன் எங்கள் ஆள் மட்டும்.

"உனக்கு எண்ணு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். வெட்கம் கெட்ட கேள்வி.

"நான் எண்ணு படிச்சதே இந்தத் தராசுலதாங்க. தினம் ரெண்டு போறத பாத்துப் பாத்துப் படிச்சது."

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். நான் முதலில் சுற்றிலும் பார்த்தேன், வேறு யாருக்காவது தெரியுமா என்று. யாருக்கும் தெரியாது. வாத்தியார் புத்தகத்தை மூடப் போகிறார். முத்தையா சிரித்துக்கொண்டே சட்டை போடுகிறான். ரகசியக் குரலில், "வாய மூடிக்க புள்ள. கொழும்புக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள ரெண்டு ராத்தல நானே இறக்கிடுறேன்" என்றேன்.

"கொழும்புக்கு இறக்கிடுவீங்க. இன்னைக்கு?"

"இன்னைக்கு ரெண்டு ராத்தல்ல என்ன வந்துடப் போகுது?"

அவள் கொட்டகையின் மூலையைக் காட்டினாள். ரஹீம் நானா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்திருந்தார்; எடை பார்த்து முடித்துவிட்டதால் இப்போதுதான் முதல் வாய் குடிக்கிறார். ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தார்.

"அந்த மனுஷன் ரெண்டு நாளா ஒன்னும் திங்காமக் கொறச்சுட்டு வந்திருக்காரு. நம்ம ஆளு காலையில ரொட்டி தின்னுட்டு வந்தாரு. எங்கிட்டருந்து ரெண்டு ராத்தல் எடுக்கிறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். அத நான் நானாவுக்குச் செய்ய மாட்டேன். நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

போனேன். நடந்தது பத்து அடி. அவ்வளவு நீளமான பத்து அடியை நான் மலையேறும்போதும் நடந்ததில்லை.

வாத்தியார் நான் சொன்னதைக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கப்பிள்ளைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் பொய் சொன்னேங்கிறீங்களா? இருவது வருஷமா இந்தத் தராசுல நிக்கிறேன்!"

"அதனாலதாங்க" என்றேன்.

முத்தையாவை மறுபடியும் தொங்கவிட்டார்கள். இந்த முறை எல்லாரும் முள்ளைப் பார்த்தார்கள். நூற்று நாற்பத்தொன்பது. கணக்கப்பிள்ளை அந்த எண்ணைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பழக்கம்… ஈரத்துக்குக் கழிச்சுட்டேன்" என்றார். அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "முத்தையா அண்ணே என்ன மழையில நனைஞ்ச கொழுந்தா?" கொட்டகையே சிரித்தது. முத்தையா மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்திலிருந்த கொழும்பு வெளிச்சம் அணைந்துவிட்டதை நான் பார்த்தேன்.

"எடை குறைக்க ஒரு மணி நேரம் தரலாம். ஆனா மற்ற ஆள் சம்மதிக்கணும்" என்றார் வாத்தியார், சொல் சொல்லாகத் தேடிப் பேசுகிற தமிழில்.

நானா வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், சண்டை போடாமலே கொழும்புக்குப் போயிருப்பார். போத்தலை மூடினார். "நான் எங்க போகப் போறேன்? குந்திக்கொண்டு இருக்கிறேன். போய்ட்டு வரட்டும்" என்றார்.

அந்தக் காலம் கொழுந்து மண்டிக் கிடந்ததால் ஞாயிறும் ஸ்டோர் ஓடியது. தேயிலை காயவைக்கிற அடுப்பறையில் நிற்கவே முடியாத சூடு. ராசம்மா லயத்துப் பெண்களிடம் ஓடி, மழைக்குப் போர்த்துகிற கம்பளிகள் நாலு வாங்கி வந்து, முத்தையாவை மூட்டை கட்டுகிற மாதிரிக் கட்டினாள். அடுப்பறையிலிருந்து மாடிப்படி ஏறி, இறங்கி, மறுபடி அடுப்பறை. அவள் முன்னால், அவன் பின்னால்.

"நீ எனக்குப் பொண்டாட்டியா, நானாவுக்கு ஆளா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினான்.

"பேசாதீங்க. பேசுனா எச்சி காஞ்சிரும். எச்சியும் எடதான். துப்புங்க!" என்று தகரக் குவளையை நீட்டினாள்.

"ஊரு சிரிக்குதுடி!"

"சிரிக்கட்டும். கொழும்புல போயித் தராசுல இருந்து எறக்கி விட்டா யாரு சிரிப்பா? முகம் தெரியாதவன் சிரிப்பான். இது நம்ம ஊரு சிரிப்பு. துப்புங்க!"

நாற்பது நிமிடம் ஆனபோது அவன் படியில் தடுமாறினான். கண் சொருகியது. நாடியைப் பிடித்தேன்; விரலுக்குக் கீழே கண்டபடி ஓடியது. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியாது. அவன், "நான் ஏறுறேன், விடுங்க" என்கிறான். இங்கேதான் மூலையில் நிற்கிறவனுக்கு வேலை. கம்பளியைக் கழற்றாமல் அவனை அடுப்பறை வாசலில் உட்கார வைத்தேன். ஏற விடவில்லை. ஓடி நிறுத்திய உடம்பு உட்கார்ந்த பிறகும் வியர்க்கும். அதை டிஸ்பென்சரியில் காய்ச்சல்காரர்களிடம் பார்த்திருக்கிறேன். எடை இறங்காவிட்டால் கொழும்பு போச்சு. ஏற விட்டிருந்தால் ஆளே போயிருக்கலாம். இரண்டில் எதை இழக்கலாம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் நாடி சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள்.

ஐம்பத்தைந்தாவது நிமிடம் கம்பளிகளை அவிழ்த்துத் துடைத்துக் கூட்டிப்போனோம்.

அவன் மூன்றாவது முறை தொங்கினான். மினுமினுப்புப் போய்விட்டது. கன்னம் ஒட்டி, தோல் சுருங்கி, வலது தோள் பழையபடி உயர்ந்து, குடை சாத்தின மாதிரிக் கோணலாகத் தொங்கினான். யாரும் கை தட்டவில்லை. முள் நாற்பத்தெட்டுக்குப் போய், நாற்பத்தாறுக்கு வந்து, ஆடி ஆடி நின்றது. கணக்கப்பிள்ளை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைத் தராசுக்குள்ளே விடுகிற அளவுக்கு நெருங்கிப் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நூத்தி நாப்பத்தேழு" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "ஒன்னும் கழிக்கல" என்றார்.

சாயங்காலச் சண்டையைச் சொல்லிக் கதையை நீட்டவில்லை. நான் வளர்த்த சதை இரண்டாவது சுற்றிலேயே அவனைக் கீழே இழுத்தது. கை தொங்கிவிட்டது. மூன்றாவது சுற்றுக்கு முன்னால், "புத்தகத்தை மறந்துடு. கவ்வாத்து வெட்டு" என்றேன். வெட்டினான். சாய்வாக, பக்கவாட்டில், நாலு முறை. புள்ளியில் மயிரிழையில் ஜெயித்தான். நானா வந்து அவனைக் கட்டிக்கொண்டு, "இந்தக் கைய இவ்வளவு நேரமும் எங்க மறச்சு வச்சிருந்தாய்?" என்றார். கொழும்பிலும் ஏறினான் முத்தையா. அங்கே முதல் சண்டையிலேயே தோற்றுத் திரும்பினான், சந்தோஷமாக. அந்த வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆகவே, நான் பார்த்ததிலேயே நல்ல உடம்பு எது என்றால், அந்த மூன்றாவது முறை தொங்கிய உடம்பைத்தான் சொல்வேன். அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். அன்றைக்கு அந்த எண்ணைக் கேட்டதும் கொட்டகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். முத்தையா கம்பியை விட்டு இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் எழுதிக்கொண்டிருந்தார். ராசம்மா புருஷனிடம் போகவில்லை. அவன் உடம்போடு ஒட்டிக் கிடந்த அடிக் கம்பளியைத் தோளில் போட்டிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு நேரே கணக்கப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள். கம்பளியைச் சுருட்டி, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். சிமெண்டுத் தரையில், அவருடைய சப்பாத்துக்கு முன்னால், தண்ணீர் கொட கொடவென்று ஊற்றியது.

"ஈரம்னா இதுதாங்க ஐயா" என்றாள்.